தாத்தாவின் இருமலும் பேரனின் தழும்பும்

கிள்ளை, பிச்சாவரம் பக்கம் பிறக்கிற குழந்தைக்குப் பிறந்த கையோடு இடது மேற்கையில் பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். மருந்து வெறும் 0.05 மில்லிதான். அது தசைக்குள் போகக்கூடாது, தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். அதனால் செவிலியர் ஊசியைப் படுக்கவைத்தாற்போலப் பிடித்து ஏற்றுவார். சரியாக ஏறினால் அந்த இடம் வெளுத்துச் சின்னதாகப் புடைக்கும். சில வாரம் கழித்துக் கட்டி கிளம்பி, உடைந்து, தழும்பாகும். பயந்துபோய் ஒத்தடம் கொடுக்க வேண்டாம், களிம்பும் பூச வேண்டாம். தானாக ஆறிவிடும்.

இந்த ஊசி காசநோயை எவ்வளவு தடுக்கும்? இதற்கு விடை தேடிய மிகப் பெரிய ஆய்வு நடந்தது தமிழ்நாட்டில்தான். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில் அது தொடங்கியது. சுமார் 2.6 லட்சம் பேரில் சிலருக்குப் பிசிஜி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். முடிவு பலரைச் சோர்வடைய வைத்தது: பெரியவர்களுக்குப் பாதுகாப்பே இல்லை, சிறுவர்களுக்கு 27 விழுக்காடுதான். நம் ஊர் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் உடலுக்கு முன்பே பழகிவிடுவதால் ஊசி எடுபடவில்லை என்பது ஒரு விளக்கம்.

அப்படியானால் ஊசி வீணா? இல்லவே இல்லை. அந்த ஆய்வு எண்ணியது நுரையீரல் காசநோயை. கைக்குழந்தையைக் கொல்வது வேறு வடிவம். கிருமி ரத்தத்தில் கலந்து மூளை உறைக்குப் போய்விடும். சோர்வு, வாந்தி, வலிப்பு என்று முற்றி, பிழைத்த குழந்தைக்கும் காதோ கண்ணோ கைகாலோ பாதிக்கலாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த கணக்கின்படி, இந்த மூளைக் காசநோயைப் பிசிஜி 73 விழுக்காடு தடுக்கிறது. உடலெங்கும் பரவும் காசநோயை 77 விழுக்காடு. இவ்வளவு கொடிய நோயில் நான்கில் மூன்று பங்கைத் தடுப்பது சின்ன விஷயமா?

ஆனால் தழும்பு இருக்கிறதென்று அசந்துவிடக் கூடாது. குழந்தைக்குக் கிருமி பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்தே வருகிறது. உப்பங்கழியில் வலை வீசிவிட்டு வரும் தாத்தாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். நோய் உறுதியானால், அந்த வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டும். அவர்களுக்கு நோய் இல்லையென்றாலும் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். பிறந்தபோது பிசிஜி விட்டுப்போயிருந்தால், ஒரு வயது முடிவதற்குள் போட்டுக்கொள்ளலாம்.