தராசு சொல்லாத கணக்கு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவரின் உழைப்புக்கு இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது நிறுவைத் தராசு. மூட்டையில் எத்தனை கிலோ என்று அது சொல்லிவிடும். கூலிக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாவது தொழிற்சாலையில். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இளங்கொழுந்து வந்ததா, முற்றிய இலையும் காம்பும் கலந்து வந்ததா என்பது அங்கே வெளிப்படும். நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி, நசுங்கி, காய்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. தராசில் பெரிதாகத் தெரிந்தது கோப்பைக்கு வரும்போது சிறிதாகிவிடலாம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். விரலால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. சோதனை இரண்டும் அப்படியே இருக்கின்றன.

அமெரிக்கக் கூடைப்பந்தில் அறுபது ஆண்டுகளாக ஓயாத ஒரு வழக்கையும் இதே இரண்டு சோதனைகளில் வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு ரஸ்ஸல் இருக்கிறார். தோட்டத்துரைக்கு உறவல்ல, பெயர் மட்டும் ஒன்று. பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் பில் ரஸ்ஸல், உயரம் 6 அடி 10 அங்குலம். அவருக்கு எதிரே வில்ட் சேம்பர்லின், 7 அடி 1 அங்குலம். இருவரும் 'சென்டர்' நிலையில், அதாவது கூடைக்கு அருகில் நின்று பந்தைப் போடவும் தடுக்கவும் வேண்டிய நெட்டையர்கள். இவர்களில் யார் பெரிய ஆட்டக்காரர்?

பட்டிமன்றம் வைத்தால் முதல் கைதட்டல் சேம்பர்லின் அணிக்குத்தான். 1962 மார்ச் 2ஆம் தேதி ஹெர்ஷி நகரில் நியூயார்க் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் அவர் 100 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவம் முழுவதற்கும் அவருடைய சராசரி 50.4. 1960 நவம்பரில், எதிரே ரஸ்ஸலே நின்ற ஓர் ஆட்டத்தில், கூடைக்குள் விழாமல் திரும்பிய பந்துகளை 55 தடவை கைப்பற்றினார். இருவரும் மோதிய ஆட்டங்களை மட்டும் எடுத்தாலும் சேம்பர்லினின் சராசரி 28.7 புள்ளி, ரஸ்ஸலுடையது 14.5. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் கோப்பை வேறு கதை சொல்கிறது. ரஸ்ஸல் ஆடியது 13 பருவங்கள். அவருடைய குழு வென்ற பட்டங்கள் 11. சேம்பர்லின் 14 பருவங்கள் ஆடி வென்றவை இரண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நூறு புள்ளிப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது சேம்பர்லினுக்குப் போகவில்லை, ரஸ்ஸலுக்குப் போனது. அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்லர், திடலில் இறங்கி இருவரிடமும் அடிபட்ட ஆட்டக்காரர்கள்!

அவர்கள் கண்டது தராசில் ஏறாத ஒன்று. எதிரி எறியும் பந்தைத் தடுப்பதை 1973-74 பருவத்தில்தான் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கினார்கள். அதற்குள் இருவருமே ஓய்வு பெற்றுவிட்டனர். ரஸ்ஸலின் மிகப் பெரிய திறமைக்குப் பேரேட்டில் பத்தியே இல்லை. அவர் பந்தைக் கூட்டத்துக்குள் அறைந்து வீரம் காட்டமாட்டார். தன் ஆள் எட்டிப் பிடிக்கும்படி தட்டிவிடுவார். தடுத்த பந்தே தாக்குதலுக்குத் தொடக்கமாகிவிடும். அவர் நிற்கிறார் என்று அஞ்சி எதிரி எறியாமலே விட்ட பந்துகளை யார் எண்ணுவது?

அதற்காகச் சேம்பர்லின் தன்னலக்காரர், வெறும் எண்ணிக்கைக்கு ஆடியவர் என்று முடித்துவிடுவது நியாயமல்ல. ரஸ்ஸலைச் சுற்றி கூசி, சாம் ஜோன்ஸ், ஹாவ்லிசெக் போன்றோர் இருந்தார்கள். தலைக்கு மேல் அவர்பாக் என்ற பயிற்றுநர் இருந்தார். சேம்பர்லினிடமோ முதலில் கேட்கப்பட்டது புள்ளிதான். கிலோவுக்குக் கூலி என்றால் கிலோதான் வரும். 1966-67இல் பயிற்றுநர் அலெக்ஸ் ஹன்னம், குறைவாக எறி, பிறருக்குப் பந்தைக் கொடு என்றார். சேம்பர்லினின் சராசரி 24.1க்கு இறங்கியது. பிலடெல்பியா குழு 81 ஆட்டங்களில் 68இல் வென்று, வழியில் பாஸ்டனையும் 4-1 என்று வீழ்த்திப் பட்டம் பெற்றது. அடுத்த பருவத்தில் மொத்த உதவிப் பந்துகளில் முதலிடம் இந்த நெட்டையருக்கே. ஒரே ஓர் ஆட்டத்தை வென்றே தீர வேண்டும் என்றால் ரஸ்ஸலைத் தேர்வதுதான் சரி. ஆனால் அவர் செய்ததைச் சேம்பர்லினால் செய்ய முடியாது என்ற வாதம் 1967இலேயே அடிபட்டுப் போயிற்று.

இந்த வழக்கில் உண்மையில் நட்டப்பட்டது ஒரு நட்பு. ஆட்டத்துக்கு முன் ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிடும் அளவுக்கு இருவரும் நெருக்கம். 1969 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் சேம்பர்லின் முழங்காலில் அடிபட்டு வெளியே அமர்ந்தார். மீண்டும் இறங்கத் தயாரானபோது பயிற்றுநர் அனுமதிக்கவில்லை. பாஸ்டன் 108-106 என்று வென்றது. அத்துடன் ஓய்வு பெற்ற ரஸ்ஸல், அந்த நேரத்தில் சேம்பர்லின் வெளியேறியிருக்கக் கூடாது என்று பொதுமேடையில் குறை சொன்னார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருவருக்கும் பேச்சு இல்லை. கடைசியில் ரஸ்ஸல்தான் மன்னிப்புக் கேட்டார். 1999இல் சேம்பர்லின் இறந்தபோது, அஞ்சலிக் கூட்டத்தில் எழுந்து பேசியவர்களில் அவரும் ஒருவர்.