பிரேக் ஆயில் எனப்படும் எண்ணெயல்லாத திரவம்

மெக்கானிக் ஷெட்டுகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் ‘பிரேக் ஆயில்’ என்று கேட்டு வாங்கப்படும் திரவம் பெரும்பாலும் எண்ணெயே அன்று. அது கிளைக்கால் ஈதர் எனப்படும், நீரோடு எளிதில் கலந்துவிடும் வேதிச் சேர்மங்களால் ஆனது. பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கோப்பவருக்குப் பெயரில் உள்ள இந்தப் பிழை சிறியதன்று. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ ஊற்றிவிட்டால், பிரேக் அமைப்பின் ரப்பர் சீல்கள் அதை உறிஞ்சி ஊதிப்போய்ப் பிஸ்டனை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கழற்றிய பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் வழக்கமும் இதே காரணத்தால் இங்கே ஆகாது. புதிய பிரேக் திரவத்திலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோதான் அவற்றைக் கழுவ வேண்டும்.

திரவ அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்கை முன்சக்கரத்தில் பொருத்திப் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் மோட்டார் சைக்கிள் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது, 1969-இல் வெளிவந்த ஹோண்டா சிபி 750. (இந்தியாவில் 1980-களில் வந்த ராஜ்தூத் 350, யமஹா ஆர்டி 350-இன் வழிவந்ததாயினும் டிரம் பிரேக்கோடுதான் விற்கப்பட்டது என்பதால், அதைப் புதுப்பிப்பவருக்கு இந்தத் திரவத் தேர்வே எழுவதில்லை.) கைப்பிடியில் உள்ள லீவரை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் திரவத்தைத் தள்ள, அந்த அழுத்தம் பாஸ்கல் விதிப்படி குறையாமல் காலிப்பருக்குச் சென்று, அங்குள்ள பெரிய பிஸ்டனை நகர்த்தி, பிரேக் பேடை டிஸ்க்கின்மேல் இறுக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 14 மி.மீ., காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 42 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு ஒன்பது மடங்காவதால் விசையும் ஒன்பது மடங்காகும். இவ்வளவும் திரவம் அமுங்காது என்ற ஒரே பண்பை நம்பி நடப்பது.

அந்தப் பண்பைக் குலைப்பது வெப்பம். வண்டியும் ஓட்டுபவருமாக 300 கிலோ எடை, மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 116 கிலோஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 30 டிகிரியில் உள்ள 400 மில்லிலிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான இந்த வெப்பத்தின் பெரும்பகுதி, சில நொடிகளுக்குள் முன்சக்கர டிஸ்க்கின்மேல் இறங்குகிறது. மலைப்பாதையில் இறங்கும்போது இது திரும்பத் திரும்ப நிகழ்வதால், காலிப்பருக்குள் இருக்கும் திரவமும் சூடேறிக் கொதிக்கத் தொடங்கலாம். ஆவி திரவத்தைப் போலன்றி எளிதில் அமுங்கிவிடும் என்பதால், லீவர் கைப்பிடி வரை போய் ஒட்டிக்கொள்ள, வண்டி நிற்காமல் ஓடும்.

எனவே பிரேக் திரவத்தின் முதல் அளவுகோல் கொதிநிலை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச்சுருக்கத்தால் ‘டாட்’ என்று வழங்கும் தரவரிசை, ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலைகளை விதிக்கிறது: புட்டியைத் திறந்த நிலையில் உள்ளது ஒன்று, சுமார் 3.7 விழுக்காடு நீரை ஏற்றுக்கொண்ட பிறகு உள்ளது மற்றொன்று. டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், நீர் சேர்ந்தபின் 140. போரேட் எஸ்டர் சேர்த்த டாட் 4-க்கு 230, நீர் சேர்ந்தபின் 155. டாட் 5, 5.1 இரண்டுக்கும் 260, நீர் சேர்ந்தபின் 180. உண்மையில் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணையே. ஏனெனில் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும், மாஸ்டர் சிலிண்டருக்குத் திரவம் தரும் மேல்தொட்டியின் மூடி வழியாகவும் காற்றின் ஈரம் உள்ளே கசிந்துகொண்டே இருப்பதால், எந்தக் கிளைக்கால் திரவமும் நெடுநாள் முதல் எண்ணிலேயே நிற்பதில்லை. கடலோர ஊர்களில் திறந்து வைத்த பாதிப் புட்டியை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைப்பது வீண் சிக்கனம்.

டாட் 5-க்கும் 5.1-க்கும் இடையே எண்ணில் தசம ஒன்றே வேறுபாடு. பொருளிலோ அவை வெவ்வேறு இனம். 5.1 கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. 5 சிலிக்கோன், அடையாளத்துக்காக ஊதா நிறம் ஏற்றப்பட்டது. இப்படிப் பெயரிட்டவர்கள் பயனரைப் பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை. சிலிக்கோன் நீரை உறிஞ்சாது, பெயின்ட்டைத் தின்னாது; நெடுங்காலம் நின்றே இருக்கும் வண்டிகளுக்காக அமெரிக்க ராணுவம் 1980-களில் இதற்கு மாறியதும், ஹார்லி டேவிட்சன் 2000-களின் நடுப்பகுதி வரை இதைப் பயன்படுத்தியதும் அதனால்தான். பழைய வண்டியைப் புதுப்பித்தவருக்கு இது பெரிய ஆசை காட்டும். சிபி 750-இன் மேல்தொட்டி வலது கைப்பிடியில், பெட்ரோல் டேங்க்குக்கு முன்னால் சற்று உயரத்தில் இருக்கிறது. கேண்டி சிவப்போ கேண்டி பொன்நிறமோ அடித்து முடித்த டேங்க்கின்மேல் ஒரு சொட்டு டாட் 4 விழுந்து துடைக்கப்படாமல் கிடந்தால், அந்த இடத்துப் பெயின்ட் சுருங்கி எழும்பிவிடும்.

ஆனால் நீரை உறிஞ்ச மறுப்பதனால் நீர் இல்லாமற்போவதில்லை. உள்ளே வந்த நீர் சிலிக்கோனில் கரையாமல் துளியாகத் திரண்டு, அமைப்பின் தாழ்ந்த இடமான காலிப்பரில் போய்த் தங்குகிறது. அங்கே பிஸ்டனின் குரோமப் பூச்சைக் குழிகுழியாக அரிப்பதோடு, வெப்பமும் அங்கேயே மிகுதி என்பதால் 100 டிகிரியை ஒட்டியே கொதித்தும் விடும். கிளைக்காலோ அதே நீரைத் தன்னுள் கரைத்துப் பரப்பிக்கொள்கிறது. கொதிநிலை இறங்கினாலும் அந்த இறக்கம் படிப்படியானது. போதாக்குறைக்குச் சிலிக்கோனில் காற்று எளிதில் கரைவதால் லீவர் பஞ்சைப்போல் அமுங்கும்.

ஆகவே, ஓட்டுவதற்காகவே கட்டப்பட்ட வண்டிக்கு டாட் 4 போதுமானது, பொருத்தமானதும் கூட. அக்காலத்து டாட் 3-ஓடு அது ஒத்துப்போகும், இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் கரைந்த நீரும் வெளியேறிவிடும். 5.1-இன் தனிச்சிறப்பு கடுங்குளிரிலும் கெட்டிப்படாத தன்மை. ஏபிஎஸ் வால்வுகளுக்குப் பயன்படும் அந்தச் சிறப்பால் ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிக்குப் பெரிய நன்மை எதுவுமில்லை. சீல், ஹோஸ், சிலிண்டர் எல்லாம் புதிதாகவும் உலர்ந்தும் இருந்து, வண்டியும் கண்காட்சிக்கு மட்டுமே வெளிவருமானால் சிலிக்கோனைத் தேர்வதில் தவறில்லை. ஆனால் முன்பு கிளைக்கால் இருந்த அமைப்பில் அதன்மேலேயே சிலிக்கோனை ஊற்றினால் இரண்டும் கலவாமல் பிரிந்து நிற்பதோடு, பழைய அழுக்கும் சேர்ந்து கசடாகத் திரளக்கூடும்.

அந்தக் கசடு முதலில் அடைப்பது மாஸ்டர் சிலிண்டரின் அடியில் உள்ள இரு துளைகளுள் சிறியதை. ஊசிமுனை அளவேயான அது அடைபட்டால், சூட்டில் விரிந்த திரவம் மேல்தொட்டிக்குத் திரும்ப வழியின்றிப் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தியே வைத்திருக்கும், லீவரை விட்ட பிறகும் சக்கரம் உரசிக்கொண்டே சுழலும். அமைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றி, அதாவது ‘ஏர் எடுத்து’ முடித்தபின் லீவரை மெல்ல அழுத்தும்போது மேல்தொட்டியில் சிறு ஊற்றுப்போலத் திரவம் துள்ளினால் அந்தத் துளை திறந்திருக்கிறது என்று அறியலாம். துள்ளுவது சிலவேளை தொட்டியின் விளிம்பையும் தாண்டும் என்பதால், அந்நேரம் டேங்க்கின்மேல் ஈரத்துணி போர்த்தியிருக்க வேண்டும்.