மண் பரிசோதனை செய்வோர்க்கு அளிக்கும் பயிற்சியும், குடியானவர்கள் அதனை அறிய வேண்டிய காரணமும்

கடலூர் ஜில்லா திட்டக்குடி தாலுக்காவைச் சேர்ந்த மங்களூர் வட்டாரத்தில் மழையை நம்பிய நிலம் மிகுதி. அங்கே மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியாகப் பயிராகின்றன. விதைத்தபின் வானத்தைப் பார்த்திருக்கும் இத்தகைய சீமையில் உரத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் துணிந்து போடும் பணமே. ஆதலால் மண்ணைப் பரிசோதித்து அதற்கேற்ப உரமிடுதல் நலம் என்பதை இப்போது ஒருவரும் மறுப்பதில்லை. ஆயினும் மண்வள அட்டையில் அச்சிட்டுக் கொடுக்கப்படும் எண் எவ்வாறு உண்டாகிறது, அதைக் கண்டு சொல்பவர் எத்தகைய பயிற்சி பெற்றவர் என்பதைக் குடியானவர்களிற் பலர் விசாரிப்பதில்லை. கிணறு வெட்ட ஆள் அமர்த்துகையில், முன்பு எங்கெங்கு வெட்டினான் என்று நாலு ஊரில் கேட்பவர்களும் இவ்விஷயத்தில் வாளாவிருந்துவிடுகின்றனர்.

ஓர் ஏக்கர் நிலத்தின் மேல்மண், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடையுள்ளது. அதிலிருந்து பரிசோதனைச் சாலைக்குச் செல்வது அரைக் கிலோ. மணிச்சத்தைக் கண்டறிய அதிலும் தராசில் ஏறுவது சுமார் 5 கிராம் மட்டுமே. இந்த 5 கிராம் 9 லட்சம் கிலோவின் பேரால் சாட்சி சொல்கிறது. தமிழ்நாட்டு வழக்கப்படி ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் குறைவான மணிச்சத்தைக் ‘குறைவு’ என்றும், 11 முதல் 22 வரை ‘நடுத்தரம்’ என்றும், அதற்கு மேல் ‘அதிகம்’ என்றும் வகுப்பர். மண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவு, கணக்கில் ஹெக்டேருக்கு 2.24 கிலோ ஆகிறது. உண்மையில் 10 கிலோ உள்ள நிலத்துக்கு அந்த ஒரு பங்கு பிழை மேலாக விழுந்தால் அட்டையில் 12 கிலோவுக்கு மேல் என்று வரும். ‘குறைவு’ ‘நடுத்தரம்’ ஆகிவிடும். வழக்கமாகக் ‘குறைவு’ என்னும் நிலத்துக்குச் சிபாரிசு செய்யப்படும் கூடுதல் கால் பங்கு உரம் அந்நிலத்துக்குக் கிட்டாது.

இப்பிழை எங்கிருந்து வருகிறது என்பதைக் கற்பிப்பதே பரிசோதகர்ப் பயிற்சியின் சாரம். கருவியின் பொத்தானை அழுத்துவது ஒரு நாளில் பழகிவிடும். கருவி பொய் சொல்லும் சமயத்தை அறிந்துகொள்வதற்கே மாதங்கள் வேண்டியிருக்கின்றன.

முதற்பாடம் தராசும் கண்ணாடிக் குழாய்களும். மண்ணிலுள்ள கரிமச் சத்தை அளக்க 1934-ஆம் ஆண்டு வாக்லி, பிளாக் என்னும் இருவர் வெளியிட்ட முறை இன்றும் கையாளப்படுகிறது. மண்ணோடு பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலையும் அடர்ந்த கந்தகத் திராவகத்தையும் சேர்த்து, அரைமணி நேரம் வைத்து, எஞ்சியதை இரும்புச் சத்துள்ள வேறொரு கரைசலால் அளவிடுவர். நிறம் ஊதாவிலிருந்து பச்சைக்குத் திரும்பும் தருணத்தில் நிறுத்த வேண்டும். பழகாத கை ஒரு துளி தாண்டிப் போய்விடும். அந்த இரும்புக் கரைசலோ காற்றுப் பட்டு நாளுக்கு நாள் வலிமை குன்றுவது. ஆதலின் மண்ணே சேர்க்காத வெறுங்கரைசலை அன்றன்று அளந்து, அதனோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டும். இதனை வெற்றுச் சோதனை என்பர். இதைச் சோம்பலால் விட்டுவிடுகிறவரிடம் எவ்வளவு விலையுயர்ந்த கருவியைக் கொடுத்தும் பயனில்லை.

மணிச்சத்துக்கு 1954-இல் ஆல்சன் வகுத்த முறை நம் காரத்தன்மையுள்ள கரிசல் நிலங்களுக்கு ஏற்றது. சோடியம் பைகார்பனேட் கரைசலில் மண்ணைக் குலுக்கி வடிகட்டி, நீல நிறம் உண்டாக்கி, அந்நிறத்தின் அடர்த்தியை ஒளிமானியில் அளப்பர். வடிநீரின் மங்கலைப் போக்கச் சேர்க்கும் கரித்தூளிலேயே மணிச்சத்து கலந்திருக்குமானால் அன்று வந்த மண் எல்லாம் வளமான மண்ணாகத் தோன்றும். பாஸ்பேட் கலந்த சோப்புத் தூளால் குடுவைகளைக் கழுவி நன்றாக அலசாமல் விட்டாலும் அவ்வாறே. சாம்பல் சத்தை அளக்கும் சுடர் ஒளிமானியில் வாயுவின் அழுத்தம் சற்று மாறினாலும் சுடர் மாறி எண்ணும் நகர்ந்துவிடும். அதனால் மாதிரிகளின் இடையிடையே அளவு தெரிந்த கரைசலை ஊட்டிப் பார்க்கப் பயில்விக்கின்றனர். துத்தநாகம் முதலிய நுண்சத்துக்களுக்கு வேண்டும் அணு உறிஞ்சல் ஒளிமானி 1955-இல் ஆஸ்திரேலியாவில் வால்ஷ் என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து தோன்றியது. அதன் நுட்பம் பெரிது. அதில் நேரும் பிழையும் பெரிது.

மங்களூருக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. அத்தொழிலைக் கற்பிக்க அரசினர் கல்விக்கூடமும் அங்குண்டு. பீங்கான் செய்வோரும் களிமண்ணை ரசாயன முறையில் பரிசோதிப்பவரே. இரும்பு மிகுந்த களிமண்ணானால் வெந்த பாத்திரம் வெண்மை கெட்டுவிடும். ஆனால் அவர்களுடைய பிழை சூளையைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. வயல் மண்ணைப் பரிசோதிப்பவருடைய பிழை அறுவடையில்தான் தெரியும்; அப்போதும் மழையின்மேலோ விதையின்மேலோ புழுவின்மேலோ பழி போய்விடும். குடியானவர் பரிசோதகரின் பயிற்சியைப் பற்றி முன்னதாகவே கேட்க வேண்டியதன் காரணம் இதுவே.

இந்நாட்டில் விவசாய ரசாயனம் புதிதன்று. வோல்கர் என்னும் அறிஞரின் அறிக்கை 1893-இல் வெளியாயிற்று. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை நூறாண்டைக் கடந்தது. மண் பரிசோதனைச் சாலைகள் 1955-56-இல் ஏற்படலாயின. 2015 பிப்ரவரி 19-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் ஒவ்வொரு மாதிரிக்கும் 12 அளவுகளைக் கேட்டது. வேலை பெருகிய அளவுக்குத் தேர்ந்த கைகளும் பெருக வேண்டியதாயிற்று.

உரத்தைப் பரிசோதிப்பவர் விஷயத்தில் சட்டமே பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளது. 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, உரப் பரிசோதகராக நியமிக்கப்படுபவர் விவசாயப் பட்டதாரியாகவோ, ரசாயனத்தை ஒரு பாடமாகக் கொண்ட விஞ்ஞானப் பட்டதாரியாகவோ இருப்பதோடு, பரீதாபாத்திலுள்ள மத்திய உரத் தரக்கட்டுப்பாடு மற்றும் பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் பெற்றிருத்தல் வேண்டும். ஒரு வியாபாரியின் உரிமமும் ஒரு குடியானவரின் மகசூலும் அவருடைய கையெழுத்தைப் பொறுத்திருப்பதால் இக்கண்டிப்பு மிகையன்று. ரசாயனம் படித்துவிட்டு உத்தியோகம் தேடிப் பட்டணம் போகும் கிராமத்துப் பிள்ளைகளும் பெண்களும் இத்துறையை நினைத்துப் பார்க்கலாம். கிராம அளவிலேயே சிறு மண் பரிசோதனைக் கூடங்களை இளைஞர்களும் சுய உதவிக் குழுக்களும் நடத்துவதற்கும் அரசினர் திட்டத்தில் இடமுண்டு. ஆனால் கருவி வந்திறங்கும் முன் பயிற்சி முடிந்திருக்க வேண்டும்.

பயிற்சி பெற்ற பரிசோதகராலும் திருத்த முடியாத பிழை ஒன்றுண்டு. அது வயலிலேயே நேர்வது. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம், கிணற்றடி ஆகியவற்றை நீக்கி, வயலின் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் குழி வெட்டி, மக்காச்சோளத்துக்கு 15 சென்டிமீட்டரும் பருத்திக்கு 22 சென்டிமீட்டரும் ஆழம்வரை மண்ணைச் சுரண்டியெடுத்துக் கலந்து, கால் கால் பாகமாகக் குறைத்து அரைக் கிலோ அனுப்புதல் வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள வாளியில் மண்ணைக் கலந்தால் இல்லாத துத்தநாகம் இருப்பதாகத் தோன்றும். பின்னர் மக்காச்சோளத்தின் இளங்குருத்து வெளுக்கும்போது அட்டையைக் குறை கூறிப் பயனில்லை. நுண்சத்துக்களுக்கு இரும்பு மண்வெட்டியும் ஆகாது. மரக்கருவி அல்லது பிளாஸ்டிக்கே உகந்தது. உரம் வந்த பழைய சாக்கில் மாதிரியைக் கட்டுவோரும் உளர். அவர்கள் அனுப்புவது மண்ணையன்று, சாக்கை.

பெருநிலக்காரர்கள் ஓர் உபாயத்தைக் கையாளலாம். நன்றாகக் கலந்த ஒரே மண்ணை இரண்டு பைகளிலிட்டு வெவ்வேறு அடையாளங்களோடு அனுப்பினால், வரும் இரண்டு அட்டைகளும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். ஒன்று ‘குறைவு’ என்றும் மற்றது ‘அதிகம்’ என்றும் சொல்லுமானால், அவ்விரண்டையும் எடுத்துச் சென்று மறுபரிசோதனை கேட்கலாம். உர மாதிரி விஷயத்தில் கிராம அதிகாரிகளும் தேதியைக் கவனிப்பது நன்று. ஆய்வாளர் எடுத்த மாதிரி 7 நாட்களுக்குள் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது ஆணை.