பத்து செகண்டு கூட தாங்காத ஒரு மருந்து

சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, நிமிஷத்துக்கு 180 தடவை. டென்ஷன்னு நெனச்சு நிறைய பேர் விட்டுடுறாங்க. ஆனா சுவிட்ச் போட்ட மாதிரி ஆரம்பிச்சு, அதே மாதிரி சட்டுனு நின்னா, அது எஸ்.வி.டி.யா இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுத்தாதான் தெரியும்.

இதயத்தோட மேல் அறையில இருந்து கீழ் அறைக்கு மின்துடிப்பு ஏ.வி. நோடு வழியாத்தான் இறங்கணும். சிலருக்கு இன்னொரு வழியும் இருக்கும். ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறி துடிப்பு சுத்திக்கிட்டே இருக்கும். நம்ம பாஷையில இன்ஃபினிட் லூப்.

இதை உடைக்கத்தான் அடினோசின். நம்ம உடம்புலயே இருக்கிற பொருள்தான். இது இதயத்தை மெதுவாக்கும்னு 1929லயே ட்ரூரியும் சென்ட்-ஜியார்ஜியும் எழுதிட்டாங்க. (வைட்டமின் சி-க்காக நோபல் வாங்கின அதே சென்ட்-ஜியார்ஜி!) ஏ.வி. நோடு செல்கள்ல பொட்டாசியம் வெளியேறுற கதவை இது திறந்துவிடும். செல் சில விநாடி எந்த சிக்னலுக்கும் அசையாது, லூப் அறுந்துடும்.

சிக்கல் என்னன்னா, இதோட அரை ஆயுள் 10 விநாடிக்கும் குறைவு. மெதுவா ஏத்தினா இதயத்துக்குப் போறதுக்குள்ள காலி. அதனால முழங்கை மடிப்புல இருக்கிற பெரிய நரம்புல 6 மில்லிகிராமை வேகமா ஏத்தி, உடனே சலைனைத் தள்ளுவாங்க. கேக்கலைன்னா 12.

அந்த சில விநாடி மானிட்டர்ல நேர்கோடு ஓடலாம். முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும், "செத்துடப் போறேன்"னு தோணும். சீக்கிரமே போயிடும். ஆனா இதை முன்கூட்டியே சொல்லாம ஊசி போடுறது எனக்கு அநியாயமாப் படுது. யாராவது சொல்லலைன்னா, நீங்களே கேளுங்க.

ஆஸ்துமா இருந்தா கண்டிப்பா சொல்லணும், மூச்சுக்குழாய் சுருங்கிடலாம். காபி குடிச்சிருந்தாலும் சொல்லுங்க. அடினோசின் ஒட்டுற ரிசெப்டரை கஃபீன் அடைச்சுடும், ஊசி சரியா கேக்காது. காபி தூக்கத்தை விரட்டுறதும் இதே வழியிலதான்.

எல்லா படபடப்புக்கும் இது சரிவராது. ஏட்ரியல் ஃபிளட்டர்னா நிக்காது. ஆனா கீழ் அறை கொஞ்சம் ஓயும்போது, ஒளிஞ்சிருந்த அலை ஈ.சி.ஜி.ல பளிச்னு தெரியும். டீபக் லாக் மாதிரி. அதான் ஊசி போடும்போது ஈ.சி.ஜி.யை ஓடவிடுறாங்க.

ஊசிக்கு முன்னாடி சிரிஞ்சுக்குள்ள 15 விநாடி ஊதச் சொல்லி, உடனே படுக்க வெச்சு காலைத் தூக்குவாங்க. 2015ல லான்செட்ல வந்த பிரிட்டன் ஆய்வுல, இப்படிச் செஞ்சவங்கள்ல 43% பேருக்கு ஊசி இல்லாமலே துடிப்பு சரியாச்சு. வழக்கமா உட்கார்ந்தே ஊதினவங்கள்ல 17% பேருக்குத்தான்.