மணி பிளான்ட்டுக்கும் ரிடையர்மென்ட் உண்டு!

உங்கள் ஆபீஸ் ஜன்னலோரம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் நிற்கும். தினமும் பார்க்கிறீர்கள். சரி, அதில் எத்தனை இலை? முழிக்கிறீர்கள், பார்த்தீர்களா!

லஞ்ச் முடிந்து பத்து நிமிஷம் கிடைக்குமே, அது போதும். பால்பாயின்ட் பேனா, ஒரு பக்கம் பிரின்ட் ஆன வேஸ்ட் பேப்பர். முழுச் செடியும் வேண்டாம், ஒரே ஒரு கொடியை வரையுங்கள். கீழே தேதி போடுங்கள். இலை வெற்றிலை மாதிரி வந்துவிட்டதா? கவலையே வேண்டாம், நிஜத்திலும் அது கிட்டத்தட்ட அப்படித்தான்.

சில வாரம் கழித்து அதே கொடியை மறுபடி வரைந்தால் வேடிக்கை தெரியும். சுருட்டின பாய் மாதிரி இருந்த குருத்து விரிந்திருக்கும். அடி இலை மஞ்சள் தட்டியிருக்கும். மற்றவர்கள் "சீக்கு" என்று கிள்ளி எறிவார்கள். வரைகிறவன் கிள்ள மாட்டான், படம் பாதியில் நிற்கிறதே!

அந்த மஞ்சள் புதுசாக வந்ததில்லை. முதலிலிருந்தே இலைக்குள் இருந்ததுதான், பச்சையம் மறைத்திருந்தது. வயதான இலை பச்சையத்தை உடைக்கிறது. தன் புரதங்களைப் பிரித்து, அதிலுள்ள நைட்ரஜனில் ஒரு பங்கைக் காம்பு வழியாகக் குருத்துக்கு அனுப்புகிறது. பீரோ சாவி, ஃபைல் எல்லாம் ஒப்படைத்துவிட்டுத்தான் விழுகிறது. (நம்மில் எத்தனை பேர் அப்படி ஒழுங்காக சார்ஜ் கொடுக்கிறோம்?)

படமாவது நிலைக்குமா என்றால், அதுவும் சந்தேகம்தான். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1503-ல் ஒரு பிடி புல், பூண்டை வாட்டர்கலரில் வரைந்தார். வியன்னாவில் ஆல்பர்டினா மியூசியத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்று அபூர்வமாகத்தான் வெளியே எடுக்கிறார்கள். பால்பாயின்ட் மை எம்மாத்திரம்?

எங்கள் செக்‌ஷன் ஹெட் கிளார்க் தினமும் செடிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் ஃபைலைத் தொடுவார். ஒரு மே 31-ம் தேதி சால்வை, குரூப் போட்டோவோடு விடைபெற்றார். மறுநாளே அந்த நாற்காலியில் வேறு ஆள். இரண்டு வருஷம் கழித்து பென்ஷன் பேப்பர் விஷயமாக வந்தவர், செடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"நம்ம செடிதானேப்பா? ஒரு இலைகூட தெரிஞ்ச முகமா இல்லையே!"

அவர் ரிடையரான வாரம் வரைந்த படத்தை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இலை இலையாகப் பார்த்தார்.

"இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு" என்றார்.