புளிக்கும் தேன்

பழைய வீட்டுச் சுவர் விரிசலில் சிறு பிசின்குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொசு அளவே உள்ள கரிய பூச்சிகள் அதன் வழியே போய்வந்துகொண்டிருக்கும். இவைதாம் கொசுத்தேனீக்கள், கேரளத்தில் செறுதேனீ. கொடுக்கு குறுகித் தேய்ந்துவிட்டதால் இவை கொட்டுவதில்லை. கூட்டைக் கலைத்தால் கடிக்கும்.

மெழுகோடு மரப்பிசினைக் குழைத்து, சின்னஞ்சிறு குடங்கள் செய்து அவற்றில் தேனைச் சேர்க்கின்றன. ஒரு கூட்டில் ஆண்டுக்குச் சில நூறு கிராம் கிடைத்தாலே பெரிது. அதனால் அது பெரும்பாலும் மருந்துக்கே போகும்: இருமலுக்கு, தொண்டைக் கட்டுக்கு, தீப்புண்ணுக்கு, சூரணம் குழைக்க. மெக்சிகோவின் யுகட்டான் பகுதி மாயா மக்களும் தங்கள் கொடுக்கில்லாத் தேனீயின் தேனைக் கண்நோய்க்கும் பிரசவித்த தாய்க்கும் மருந்தாக்கினர்.

இந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. தேனின் சர்க்கரைச் செறிவு கிருமியிடமிருந்து நீரை உறிஞ்சுகிறது. அமிலத்தன்மை அதைப் பெருக விடுவதில்லை. தேனில் உள்ள நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. பிசினிலிருந்தும் பூக்களிலிருந்தும் பினாலிக் பொருட்கள் சேர்கின்றன. ஆய்வகத்தில் கிருமிகளை இந்தத் தேன் தடுத்திருக்கிறது. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் குறைவு. எனவே கண்ணில் விடவேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது.

நீர்த்திருக்கிறது, புளிக்கிறது என்று கொசுத்தேனைக் கலப்படமாக நினைப்பவர்கள் பலர். சர்வதேசத் தேன் தரநிலை பொதுவாக 20 சதவீதம் வரையிலான ஈரப்பதத்தைத்தான் ஏற்கிறது. கொசுத்தேனிலோ 25 சதவீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். அந்த அளவுகோல் கொட்டும் தேனீயின் தேனுக்காக வகுக்கப்பட்டது. சர்க்கரையும் வேறு. ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் நாட்டுக் கொடுக்கில்லாத் தேனீ இனங்களின் தேனில் டிரெஹலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை மிகுதியாக இருப்பதை 2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அது இரத்தத்தில் மெதுவாகவே கலக்கிறது. மலேசியா 2017-இலேயே இத்தேனுக்குத் தனித் தரநிலை வகுத்துவிட்டது.

உண்மையான தரம் எடுக்கும் முறையில் இருக்கிறது. கூட்டை மொத்தமாகப் பிழிந்தால் மகரந்தமும் புழுவும் கலந்து தேன் விரைவில் நொதிக்கும். முதிர்ந்த தேன்குடங்களை மட்டும் துளையிட்டு உறிஞ்சி எடுத்துக் குளிரில் வைத்தால் நெடுநாள் கெடாது, கூடும் பிழைக்கும். வாங்குபவர் ‘கெட்டியா?’ என்று பார்ப்பதைவிட, ‘எப்படி எடுத்தீர்கள்?’ என்று கேட்பதே தேனுக்கும் தேனீக்கும் நல்லது.