கடைக்கும் குடோனுக்கும் இடையே நமக்கென்று ஒரு சாட் சர்வர்

கடை பஜாரில், குடோன் பின்தெருவில், கணக்கு எழுதுமிடம் மாடியில் என்று தொழில் நடத்தும் வணிகர்கள் நம்மில் ஏராளம். கல்லாவில் இருப்பவர் கேட்கும் சரக்கு குடோனில் இருப்பவருக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். முன்பு துண்டுச் சீட்டு எழுதிப் பையனிடம் கொடுத்தனுப்பினோம். பிறகு இண்டர்காம் வந்தது, செல்போன் வந்தது. இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப்தான்.

வசதிதான், ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது, அது நம் கையில் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று இரவு வாட்ஸ்அப் சேவை சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், சுமார் இரண்டு மணி நேரம் நின்றது. நம் தெருவில் இன்டர்நெட் ஒயர் அறுந்தாலும் இதே கதைதான். இரண்டாவது, செய்திகள் எல்லாம் ஊழியரின் சொந்த போனில் கிடக்கின்றன. அவர் வேலையை விட்டுப் போகும்போது நம் கொள்முதல் விலையும், வாடிக்கையாளர் பாக்கி விவரமும் அவரோடு போய்விடுகின்றன.

இதற்கு மாற்றாக, கடையின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே ஓடும் சிறிய சாட் சர்வரைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

பழைய முறை, சிக்கனமான முறை

ஐஆர்சி என்பது 1988-ல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் உருவாக்கிய உரையாடல் முறை. வெறும் எழுத்து மட்டுமே செல்வதால் மிகக் குறைந்த திறனுள்ள கம்ப்யூட்டரே போதும். இதற்கான சர்வர் மென்பொருள்கள் பல. சிறு நெட்வொர்க்குக்கு ஏற்றது என்ஜிஐஆர்சிடி. ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் பார்ட்டன் 2001-ல் தொடங்கிய இது இலவச மென்பொருள்.

மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு இதை ஓட்டலாம். உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பையிலும் ஓட்டலாம். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் எம்ஐஆர்சி, கேவிஐஆர்சி போன்ற செயலிகளைப் போட்டு இதோடு இணையலாம். கடை, குடோன், கணக்கு என்று தனித்தனி அறைகள் வைத்துக்கொள்ளலாம். இன்டர்நெட் நின்றாலும் ரூட்டருக்கு மின்சாரம் இருக்கும் வரை பேச்சு நிற்காது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. குடோன் அதைவிடத் தள்ளி இருந்தால் ஃபைபர் கேபிளோ வயர்லெஸ் இணைப்போ வேண்டும். குடோன் வேறு ஊரில் என்றால் மறுபடி இன்டர்நெட்டைத்தான் நம்ப வேண்டும். அவர்களுக்கு இந்த முறையால் பெரிய லாபமில்லை.

அமைக்கும்போது சொல்ல வேண்டியவை

கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவரை வைத்துத்தான் அமைப்போம். ஆனாலும் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. சர்வரின் நெட்வொர்க் முகவரி மாறாமலிருக்க ரூட்டரிலேயே அதை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். முகவரி மாறினால், நேற்று வரை ஓடியது இன்று காலை ஓடாது.

2. சர்வருக்கு வைக்கும் பெயரில் ஒரு புள்ளியாவது இருக்க வேண்டும். அமைப்புக் கோப்பை எழுதி முடித்ததும் 'கான்ஃபிக்டெஸ்ட்' என்ற சோதனைக் கட்டளையைக் கொடுத்தால் பிழைகளை அதுவே காட்டிவிடும்.

3. சேரும் ஒவ்வொருவரின் பெயரையும் ஊர் பேரையும் விசாரிப்பது போல, இணையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரைப் பற்றியும் சர்வர் 'டிஎன்எஸ்', 'ஐடென்ட்' என்று இரண்டு விசாரணை செய்யும். இன்டர்நெட் இல்லாத நேரத்தில் பதில் வராமல் காத்துக் கிடக்கும். எந்த நேரத்துக்காக இதை வைத்தோமோ அந்த நேரத்திலேயே இணைப்பு இழுத்தடிக்கும். இரண்டையும் 'இல்லை' என்று போடச் சொல்லுங்கள்.

4. பாஸ்வேர்ட் கட்டாயம் வையுங்கள். 6667 என்ற வழக்கமான வாசலில் செய்தி மறைக்கப்படாமல் செல்கிறது. மறைத்து அனுப்ப டிஎல்எஸ் முறையில் 6697-ஐத் திறக்கலாம். எக்காரணம் கொண்டும் ரூட்டர் வழியாக வெளியுலகுக்கு வாசல் திறக்க வேண்டாம்.

ஓடவில்லையென்றால்

கோளாறு வந்ததும் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவது நம் வழக்கம். அதைவிட வரிசையாகப் பார்ப்பதே மேல்.

யாருக்குமே இணையவில்லையா? முதலில் சர்வரிலும் ரூட்டரிலும் விளக்கு எரிகிறதா பாருங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து சர்வர் முகவரிக்கு 'பிங்' கொடுங்கள். பதில் வந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. மென்பொருள் நின்றிருக்கலாம், அல்லது ஃபயர்வால் 6667-ஐ அடைத்திருக்கலாம்.

வைஃபையில் உள்ளவர்களுக்கு மட்டும் வரவில்லையா? அவர்கள் விருந்தினருக்கான வைஃபையில் சேர்ந்திருப்பார்கள். அதில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி ரூட்டர் தடுத்து வைத்திருக்கும்.

சரியான பாஸ்வேர்ட் கொடுத்தும் மறுக்கிறதா? 'பாம்' என்ற சோதனை வசதி 'ஆம்' என்றிருக்கும். அப்போது ஒவ்வொருவருக்கும் அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் கணக்கு இருக்கிறதா என்று சர்வர் தேடும். 'இல்லை' என்று மாற்றினால் தீரும்.

'இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது' என்கிறதா? வைஃபை விட்டுப்போன பழைய இணைப்பை சர்வர் இன்னும் கழிக்கவில்லை. வழக்கமான அமைப்பில் அதைக் கழிக்க 140 விநாடி வரை ஆகும். பொறுத்திருங்கள், அல்லது வேறு பெயரில் நுழையுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில், ஒன்பது எழுத்துக்குள் வைப்பது நல்லது.

குடோனில் ஐந்து பேருக்கு மேல் சேர முடியவில்லையா? குடோனில் தனி ரூட்டர் இருந்தால் அங்குள்ள எல்லாரும் ஒரே முகவரியிலிருந்து வருவதாகச் சர்வருக்குத் தோன்றும். ஒரு முகவரிக்கு ஐந்து இணைப்பு என்பது இதன் வழக்கமான வரம்பு; அமைப்பில் அதை உயர்த்தலாம்.

பணம் போகும் இடம்

மேலே சொன்னவற்றால் நேரம்தான் வீணாகும். இனிச் சொல்லும் இரண்டில் சரக்கே தவறிப் போகும்.

ஐஆர்சி முறையில் ஒரு செய்தி 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'அ' மூன்று பைட், 'ரி' ஆறு பைட். அனுப்புபவர் பெயர், அறையின் பெயர் போக, தமிழில் ஏறத்தாழ நூறு எழுத்துதான் நம்பி எழுதலாம். ஐந்தாறு சரக்கை ஒரே வரியில் எழுதினால் வால் வெட்டுப்படலாம். நம் வழக்கப்படி அளவு கடைசியில்தானே வரும்! ஆகவே ஒரு வரிக்கு ஒரு சரக்கு, எண்ணிக்கை முதலில். '20 மூட்டை துவரம்பருப்பு' என்று எழுதப் பழக்குங்கள்.

அடுத்தது, இந்தச் சர்வர் பழைய செய்தியைச் சேமித்து வைத்துப் பிறகு கொடுக்காது. குடோனில் கம்ப்யூட்டர் அணைந்திருந்த நேரத்தில் எழுதியது எழுதியதோடு சரி. எனவே குடோன்காரர் அளவைத் திருப்பி எழுதிப் பதில் சொன்னால்தான் ஆர்டர் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். கல்லாவிலுள்ள செயலியில் உரையாடலைப் பதிவு செய்யும் வசதியைப் போட்டு வையுங்கள். மாலையில் சிட்டையோடு ஒத்துப் பார்க்க அது உதவும். சிட்டைக்கும் பில்லுக்கும் இது மாற்றல்ல.

மின்வெட்டில் ராஸ்பெரி பையின் மெமரி கார்டு கெட்டுப்போவதுண்டு. சிறிய யுபிஎஸ் ஒன்றும், அமைப்புக் கோப்பின் நகல் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

வணிகப் பெருமக்கள் பண்டிகை நெரிசலில் இதைத் தொடங்க வேண்டாம். வியாபாரம் மந்தமான மாதத்தில் அமைத்து, ஒரு நாள் வேண்டுமென்றே இன்டர்நெட் ஒயரைக் கழற்றிவிட்டு வேலை பாருங்கள். அன்று சரக்கு பிசகாமல் வண்டி ஏறினால், பண்டிகை நாளிலும் அதை நம்பலாம்.